தொட்டிக்குள் வள்ளை, ஏரிக்குள் மனோமின்

ஐந்து மாத வெயிலை நம்பிக் குளத்துக் கீரை வளர்க்கிறார்கள் ரொறன்ரோத் தமிழர்கள். இந்த மண்ணுக்கென்று ஒரு குளத்துச் சமையல் முன்பே இருந்தது. அது இன்னும் அடுப்பில்தான் இருக்கிறது.

விக்டோரியா தின நீள் வார இறுதி வந்துவிட்டால் ஸ்காபரோவில் கராஜ் கதவுகள் திறந்தபடியே கிடக்கும். பனி அள்ளும் சவள் உள்ளே போகும், கறுப்புத் தொட்டி வெளியே வரும். சீமெந்து குழைப்பதற்கென்று ஹார்ட்வெயர் கடையில் விற்கும் ஆழம் குறைந்த பிளாஸ்டிக் தொட்டி அது. பின்வளவில் வெயில் விழும் மூலையில் அதை வைத்து, களிமண்ணை நான்கு விரல் உயரத்துக்குப் பரப்பித் தண்ணீர் விட்டால் குளம் தயார். ஊரில் வாய்க்கால் ஓரத்தில் கேட்பாரற்றுக் கிடந்த வள்ளைக் கீரைக்கு இங்கே அவ்வளவு உபசாரம்.

நாற்று வாங்க எங்கும் அலைய வேண்டியதில்லை. தமிழ்க் கடையிலோ சீனக் கடையிலோ வாங்கிய கட்டில் பாதி வறைக்குப் போகும், மீதி ஜாம் போத்தலுக்குப் போகும். முற்றிய தண்டாகப் பார்த்து, கணுவுக்குக் கீழே ஒரு விரற்கடை விட்டு நறுக்கி, அந்தக் கணு நீருக்குள் இருக்கும்படி ஜன்னலோரம் வைத்தால் சில நாளிலேயே வெள்ளை நூல்போல் வேர் இறங்கும். தண்டு உள்ளே குழல். அதனால்தான் கொடி நீரில் மிதக்கிறது. வற்றாளைக் கொடிக்கு நெருங்கிய உறவு இது. தாவரவியலார் இரண்டையும் ஐப்போமியா என்ற ஒரே பேரினத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

மே 24க்கு முன் தொட்டியை வெளியே வைக்காதே என்பது ஒன்ராறியோத் தோட்டக்காரர்களின் பழைய கணக்கு. வள்ளைக்கு அந்தக் கணக்குக்கூடக் கொஞ்சம் அவசரம்தான். இரவுக் குளிர் பத்துப் பாகைக்குக் கீழே இறங்கினால் இலை மஞ்சளாகிவிடும். ஜூன் பிறந்து வெயில் ஏறிவிட்டாலோ பிடிக்க முடியாது. அடியில் இரண்டு கணு விட்டு நறுக்க நறுக்கப் பக்கத்தில் துளிர்க்கும். செப்டெம்பர் வரை வாரம் ஒரு கறிக்குக் குறைவிருக்காது. பிறகு ஒரே ஒரு இரவு உறைபனி. விடிந்து பார்த்தால் கொதிநீர் ஊற்றியதுபோல் கறுத்துத் தொங்கும்.

ஜன்னலில் வல்லாரை, கராஜில் தாமரை

குளக்கரைச் செடிகள் எல்லாம் ஒரே குணம் அல்ல. வல்லாரைக்கு நீர் தேங்கத் தேவையில்லை, மண் காயாமல் இருந்தால் போதும். அகலச் சட்டியில் வைத்து, அடியில் தண்ணீர்த் தட்டு ஒன்று கொடுத்தால் தரையோடு படரும். கோடையில் வெளியேயும் குளிர்காலத்தில் சமையலறை ஜன்னலிலும் அதே சட்டி ஆண்டுக்கணக்கில் ஓடும். சம்பலுக்கு இலை எப்போதும் கைக்கெட்டும். பொன்னாங்காணியும் அப்படியே, ஒரு கொப்பை வீட்டுக்குள் காப்பாற்றி வைத்தால் மறு வருடத்துக்கு விதையே தேவையில்லை. சேம்புக்கு ஈரமும் வெயிலும் உரமும் வேண்டும். உறைபனிக்கு முன் கிழங்கைத் தோண்டிக் காயவைத்துப் பேஸ்மென்டில் வைத்தால் பிழைத்துக்கொள்ளும். அதன் இலையையும் தண்டையும் நன்றாக வேகவைக்காமல் சாப்பிட்டால் தொண்டை அரிக்கும். புளி சேர்ப்பது அதனால்தான் என்பது ஊர்ச் சமையல் தெரிந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பலரை வியக்கவைப்பது தாமரை. வெப்ப நாட்டுப் பூ என்று நாம் நினைத்திருக்கிறோம். சீனாவின் வடகோடியில், குளம் உறையும் ஊர்களிலும் அது காலங்காலமாக வளர்கிறது. மேலே பனிக்கட்டி மூடலாம், கிழங்கு மட்டும் உறையக் கூடாது. அவ்வளவுதான் அதன் நிபந்தனை. ஆழமான குளம் உள்ளவர்கள் சட்டியை அடிமட்டத்துக்கு இறக்கிவிடுகிறார்கள். மற்றவர்களுக்குக் கராஜ் இருக்கிறது.

தாமரைக் கிழங்கை நடுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. கிழங்கின் நுனியில் முளை ஊசிபோல் கூராக இருக்கும். அது ஒடிந்தால் கிழங்கே வீண். அந்த முளை மண்ணுக்குள் நேராக ஓடிக்கொண்டே இருக்கும். சதுரத் தொட்டியில் வைத்தால் மூலையில் போய் முட்டி நின்றுவிடும். வட்டத் தொட்டியில் விளிம்போடு வளைந்து சுற்றி வரும். அதனால் தாமரை வளர்ப்பவர்கள் வட்டத் தொட்டியையே தேடுவார்கள். பூச்சட்டி மண் உதவாது. அதில் கலந்திருக்கும் பெர்லைட் மிதந்து மேலே வந்துவிடும். கனமான களிமண், அதன் அடியில் மக்கிய எரு, மேலே ஒரு சாண் தண்ணீர், நாளுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாத வெயில். ஜூனில் இலை எழும். ஜூலை, ஓகஸ்டில் பூ எதிர்பார்க்கலாம். கறிக்குக் கிழங்கு வேண்டுமென்றால் இரண்டாம் வருட இலையுதிர் காலம் வரை பொறுப்பது நல்லது.

நீர்ச்செடியை உணவாக்கியது நமக்குப் புதிதல்ல. புறநானூற்றின் 248ஆம் பாட்டில், கணவனை இழந்த பெண்ணுக்கு உணவாக வருவது ஆம்பலின் அரிசி. இளமையில் தழையுடையாக அணிந்த அதே ஆம்பல்தான். பாடியவர் ஒக்கூர் மாசாத்தனார். இலங்கையில் அல்லி விதையை இன்றும் அரிசிபோல் சமைப்பார்கள், சிங்களத்தில் அதற்கு ஒலு என்று பெயர்.

மண்ணுக்குள் தூங்கிய விதை

ரொறன்ரோவின் கிழக்குத் துறைமுகத்தில் 2021இல் ஒரு விசித்திரம் நடந்தது. டொன் ஆற்றுக்குப் புதிய முகத்துவாரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். தோண்டிய பள்ளத்தில், யாரும் விதைக்காமல், பச்சை தெரிந்தது. பார்த்தால் கோரையும் சம்பும். ஒரு நூற்றாண்டாகத் தொழிற்சாலை மண்ணுக்கும் கட்டட இடிபாட்டுக்கும் கீழே புதைந்து கிடந்த விதைகள், வெயிலும் நீரும் பட்டதும் முளைத்துவிட்டன. ரொறன்ரோப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த மண்ணைக் கொண்டுபோய் ஆராய்ந்தார்கள்.

அந்த இடம் ஒரு காலத்தில் ஆஷ்பிரிட்ஜஸ் குடாவின் சதுப்பு நிலம், கிழக்குக் கனடாவின் பெரிய நன்னீர்ச் சதுப்புகளில் ஒன்று. 1911இல் அமைந்த துறைமுக ஆணையம் மறு ஆண்டே திட்டம் போட்டு அதை நிரப்பத் தொடங்கியது. ஆறும் செங்குத்தாகத் திரும்பி ஒரு கால்வாய்க்குள் ஓட வேண்டியதாயிற்று. இப்போது ஆற்றை மறுபடி வளைத்து விட்டிருக்கிறார்கள். அதன் கரையில் பீடாசிகே பூங்கா 2025 ஜூலையில் திறந்தது. தெற்கு ஒன்ராறியோ முழுவதுமே இதே கதைதான்: குடியேற்றத்துக்கு முன் இருந்த பெரிய ஈரநிலங்களில் 72 சதவீதம் 2002க்குள் போய்விட்டதாக டக்ஸ் அன்லிமிட்டெட் அமைப்பு கணக்கிட்டது.

நூறு ஆண்டு தூங்கியதை அதிசயம் என்போம். சீனாவின் வறண்ட ஏரிப் படுகை ஒன்றில் கிடைத்த தாமரை விதை ஏறத்தாழ 1,300 ஆண்டுக்குப் பிறகும் முளைத்ததை 1995இல் கலிஃபோர்னியா விஞ்ஞானிகள் பதிவு செய்திருக்கிறார்கள்.

துறைமுகத்தில் முளைத்த சம்பு சாப்பிடக் கூடிய இனம் என்பதைத்தான் இங்கே கவனிக்க வேண்டும். வசந்தத்தில் அதன் குருத்தை உரித்தால் உள்ளே வெள்ளையாக, வெள்ளரிக்காய்போல் இருக்கும். ஜூனில் பச்சைக் கதிரைச் சோளம்போல் அவிக்கலாம். பிறகு உதிரும் மஞ்சள் மகரந்தத்தை மாவோடு கலக்கலாம். கிழங்கிலும் மாச்சத்து உண்டு. இந்த நிலத்தின் ஆதிக்குடிகள் இவற்றை எல்லாம் அறிந்திருந்தார்கள். ரொறன்ரோ என்ற பெயரே நீரில் மரங்கள் நிற்கும் இடம் என்ற மோஹாக் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். சிம்கோ ஏரியின் வடக்குக் கழுத்தில் மீன் மறிக்க ஊன்றிய கழிகளை அது குறிக்கிறது. அந்தக் கழிகளில் பழையவை 4,500 ஆண்டுக்கு மேற்பட்டவை. நீரிலிருந்து உணவு எடுத்த இடத்தின் பெயரையே நகரம் தாங்கியிருக்கிறது.

அன்னக் கிழங்கும் வசம்பும்

பின்வளவில் ஒரு ஈரப் பாத்தி போட நினைப்பவர்களுக்கு இந்த நாட்டுச் செடிகளே சுலபம். கராஜ் வேண்டாம், ஜன்னல் வேண்டாம். முழங்கால் ஆழத்துக்குள் ஒரு குழி, குளத்துக்கு விரிக்கும் ரப்பர் விரிப்பு, விரிப்பின் பக்கவாட்டில் நாலைந்து துளை, மேலே தோண்டிய மண்ணும் மக்கும் கலந்த நிரப்பு. துளை இருந்தால்தான் பெருமழையில் மிச்ச நீர் மெல்லக் கசியும். கூரையிலிருந்து இறங்கும் நீரை இதற்குத் திருப்பிவிடலாமா என்று கேட்பார்கள். பூச்செடிக்குத் திருப்பலாம். கிழங்கும் கீரையும் எடுக்கும் பாத்திக்குக் குழாய் நீரே நல்லது. கூரை ஓட்டின் தாரும் பறவை எச்சமும் அந்த மழைநீரோடுதான் வரும்.

இந்தப் பாத்தியில் முதலில் வைக்கத் தக்கது வப்பட்டோ. இலை அம்பு முனைபோல் இருக்கும், பூ வெள்ளையாக மூன்றிதழ். இந்தப் பகுதியின் ஆதிக்குடிகளான அனிஷினாபே மக்களின் மொழியில் இதற்கு வாபிசிபின் என்று பெயர். பிரித்தால் அன்னக் கிழங்கு. இலையுதிர் காலத்தில் வேரின் நுனியில் உருண்டை உருண்டையாகக் கிழங்கு திரளும். ஆதிக்குடிப் பெண்கள் நீருக்குள் நின்று கால்விரலால் சேற்றைக் கிளறுவார்கள், கழன்ற கிழங்கு மிதந்து மேலே வரும். அவித்தால் உருளைக்கிழங்குக்கும் கச்சானுக்கும் இடைப்பட்ட ஒரு ருசி. இதன் ஆசிய உறவைச் சீனப் புத்தாண்டுக் காலத்தில் மார்க்கம் சீனக் கடைகளில் பார்க்கலாம்.

அடுத்தது நமக்கு அறிமுகமான செடி. பிறந்த குழந்தை உள்ள வீட்டில் பெயரைச் சொல்லாமல் 'பேர் சொல்லாதது' என்றோ 'பிள்ளை வளர்ப்பான்' என்றோ கேட்டு வாங்கும் வசம்பு. அதன் அமெரிக்க இனம் ஒன்ராறியோச் சதுப்புகளில் தானாக வளர்கிறது. அனிஷினாபே மக்கள் அதை வீக்கே என்கிறார்கள். நெடுநேரம் பாடுகிறவர்கள் தொண்டைக்கு அந்த வேரை மென்றார்கள். கடல் தாண்டி வந்த அம்மம்மாவும் இங்கேயே பிறந்த அனிஷினாபேப் பாட்டியும் ஒரே வேரைக் கைமருந்தாக வைத்திருந்திருக்கிறார்கள். பாத்தியின் ஓரத்தில் வைக்கலாம். வாய்க்குக் கொடுப்பதில் மட்டும் கவனம். ஆசிய வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் எலிகளில் புற்றுநோய் உண்டாக்கியதால் 1968இல் அமெரிக்கா அதை உணவில் தடை செய்தது. இன்னும் ஒன்று: வசந்தத்தில் சம்பு, வசம்பு, நச்சுள்ள நீல ஐரிஸ் மூன்றின் குருத்தும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தெரியும். வசம்பைக் கசக்கினால் வாசம் சொல்லிவிடும். மற்ற இரண்டையும் போன வருடத்துச் சம்புக் கதிரின் காய்ந்த மிச்சத்தைப் பார்த்தே பிரிக்க வேண்டும்.

ஏரியில் விளையும் அரிசி

ரொறன்ரோவிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரக் காரோட்டத்தில் ஒரு ஏரி இருக்கிறது. பெயர் ரைஸ் லேக், அரிசி ஏரி. அங்கே அரிசிதான் அரிதாகிவிட்டது. 1838இல் ஹேஸ்டிங்ஸில் கட்டிய அணை நீர்மட்டத்தை உயர்த்த, ஆழம் தாங்காமல் மனோமின் வயல்கள் மூழ்கின.

மனோமின் என்பது காட்டரிசியின் அனிஷினாபேப் பெயர். நெல்லின் தூரத்து உறவான ஒரு நீர்ப்புல் அது. ஆண்டுக்கு ஒருமுறை விதையிலிருந்தே முளைக்க வேண்டும். ஜூனில் அதன் இளம் இலை நீர்மேல் நாடாவாக மிதக்கும். அந்த வாரங்களில் நீர்மட்டம் ஏறினாலோ மோட்டார்ப் படகின் அலை அடித்தாலோ வேர் பிடுங்கிக்கொள்ளும். போதாக்குறைக்குக் கார்ப் மீன். அடிச் சேற்றைக் கிண்டி முளையையே சாய்த்துவிடும். ஹமில்டனில் கூட்ஸ் பாரடைஸ் என்ற சதுப்புக்குள் கார்ப் நுழையாதபடி ரோயல் பொட்டானிக்கல் கார்டன்ஸ் மீன்வாயில் ஒன்றை 1997 முதல் இயக்கி வருகிறது. அதற்குப் பிறகே அங்கே காட்டரிசி மெல்லத் தலைகாட்டியது.

அறுவடை ஓகஸ்ட் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை. படகில் இருவர். ஒருவர் கழி ஊன்றித் தள்ளுவார். மற்றவர் கையில் மெல்லிய மரக்கோல் இரண்டு. ஒன்றால் தாளைப் படகுக்கு மேல் வளைத்து, மற்றதால் வருடினாற்போல் தட்டுவார். முற்றிய மணி படகில் விழும், கொஞ்சம் நீரிலும் விழும். நீரில் விழுந்ததுதான் அடுத்த வருடத்து விதை. ஒரே கதிரில் எல்லா மணியும் ஒன்றாக முற்றாது. நாலைந்து நாள் விட்டு மறுபடி போக வேண்டும். கரைக்கு வந்ததும் காயவைத்து, இரும்புச் சட்டியில் வறுத்து, மிதித்து உமி நீக்கி, பேர்ச் மரப்பட்டைத் தட்டில் காற்றில் புடைப்பார்கள். சுளகு பிடித்த கைக்கு அந்த வேலையை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கவார்த்தா ஏரிகளில் கேர்வ் லேக் குடியைச் சேர்ந்த ஜேம்ஸ் வெட்டங் பல ஆண்டுகளாக மனோமினை விதைத்தும் அறுத்தும் வந்தவர். பிஜன் ஏரியில் அது செழித்தபோது கரையோர விடுமுறை வீட்டுக்காரர்கள் சிலருக்குப் பொறுக்கவில்லை. படகோட்டவும் நீந்தவும் இடைஞ்சல் என்றார்கள். 2015இல் அது கனடா முழுவதும் செய்தியாயிற்று. அந்த ஏரிகள் 386 கிலோமீற்றர் நீளமுள்ள ட்ரென்ட் செவர்ன் நீர்வழியின் பகுதி. நிர்வாகம் பார்க்ஸ் கனடாவின் கையில். ஒரு பக்கத்துக்குக் களை, மறு பக்கத்துக்குச் சோறு. சட்டம் அப்போது தெளிவாக இருக்கவில்லை. 1923இல் கையெழுத்தான வில்லியம்ஸ் உடன்படிக்கைகள் கேர்வ் லேக் முதலான குடிகளின் வேட்டை, மீன்பிடி, அறுவடை உரிமைகளைப் பறித்திருந்தன. 2018இல்தான் 1.11 பில்லியன் டொலர் இழப்பீட்டோடு அரசு மன்னிப்புக் கேட்டது. பழைய உடன்படிக்கைப் பகுதிகளில் அந்த உரிமைகளையும் ஒப்புக்கொண்டது.

நிலத்தையும் சோற்றையும் ஒருசேர இழந்த கதை நமக்கு விளக்கம் தேவைப்படாத கதை. அதனாலேயே இங்கே ஒரு கடமையும் வருகிறது. ஏரியில் மனோமின் கண்டால் அது ஒருவரின் விளைச்சல், பொறுக்கி எடுக்கக் கிடந்த புல் அல்ல. வாங்கிச் சமைப்பதே சரி. சூப்பர் மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கும் கறுத்து மினுங்கும் 'வைல்ட் ரைஸ்' பெரும்பாலும் இயந்திரம் அறுத்த வயல் பயிர், முக்கால் மணி நேரம் வேகும். கையால் வறுத்த ஏரி அரிசி பழுப்பும் சாம்பலுமாக இருக்கும், இருபது நிமிடத்தில் பூத்துவிடும். மீன் குழம்புக்கு நன்றாகவே சேரும்.

தொட்டியைக் கவிழ்ப்பதற்கு முன்

சில விடயங்களில் ஆசைக்கு இடம் கொடுக்க முடியாது. வட இந்தியாவில் சிங்காரா என்று விற்கும் கொம்புக் கொட்டையின் செடியை ஒன்ராறியோவில் வளர்ப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் ஆக்கிரமிப்பு இனங்கள் சட்டப்படி குற்றம். சீன உணவில் வரும் வோட்டர் செஸ்ட்நட் வேறு செடி, அதற்குத் தடையில்லை. ஒரு செடி வேலி தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஒட்டாவாவே சாட்சி: 1932இல் அங்குள்ள அரசுப் பண்ணைத் தோட்டத்துக்கு அழகுக்காகக் கொண்டுவந்த தவளைக்கடி என்னும் மிதவைச் செடி, 1939இல் ரிடோ கால்வாயில் இருந்தது. இன்று பெரிய ஏரிகள் வரை போய்விட்டது.

ரூஜ் தேசிய நகரப் பூங்காவிலோ ரொறன்ரோ மாநகரப் பூங்காக்களிலோ கீரை பிடுங்க அனுமதியில்லை. அனுமதி இருந்தாலும் நகரத்து ஓடையில் விளைந்த சம்பு நல்லதல்ல. கனஉலோகங்களை அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வீட்டுத் தொட்டிக் கீரையையும் பச்சையாகச் சாப்பிடுவதைவிட வதக்கிச் சாப்பிடுவதே பாதுகாப்பு. தேங்கிய நீரில் நுளம்பு முட்டையிடும். வெஸ்ட் நைல் காய்ச்சல் 2002இலேயே ஒன்ராறியோவுக்கு வந்துவிட்டது. நுளம்புப் புழுவைக் கொல்லும் பி.டி.ஐ. வில்லையைத் தோட்டக் கடையில் வாங்கிப் போட வேண்டும், அல்லது வாரம் ஒருமுறை நீரை மாற்ற வேண்டும். தவழும் பிள்ளை உள்ள வீட்டில் தொட்டிக்கு மேல் கம்பி வலை கட்டாயம்.

ஒக்டோபரில் வள்ளை கறுத்துத் தொங்கும் நாள் வரும். அன்று தொட்டி நீரைப் புல்தரையில் ஊற்றுங்கள். கொடியையும் வேரையும் ஒரு பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். ஹைலண்ட் கிறீக் பக்கத்தில்தானே ஓடுகிறது என்று அதில் கொட்டிவிடாதீர்கள். அது ஒன்ராறியோ ஏரிக்குத்தான் போகிறது. நம் வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் வருவதும் அதே ஏரியிலிருந்துதான்.